ஆசிரியர் செய்யும் ஆராய்ச்சி



ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருக்குப் பல்கலைக்கழகமும், நூலகமும், தடித்த நூல்களும், அவற்றிடையே தலைகவிழ்ந்திருக்கும் பேராசிரியருமே நினைவுக்கு வருவர். காலை ஏழரை மணிக்கு வகுப்புக்குட் சென்று, முப்பது நாற்பது பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டு, வெண்கட்டித் தூள் படிந்த கையுடன் பிற்பகல் ஒன்றரை மணிக்கு வெளியே வரும் ஆசிரியருக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் உளர். நானும் நெடுங்காலம் அவ்வாறு கேட்டவனே. கலைமாணிப் பட்டம் பெற்று இப்பணிக்கு வந்தவன். வரலாறும் தமிழும் கற்பித்தவன். அட்டவணையையும் கணக்கையும் கண்டால் ஒதுங்கி நடப்பவன். என் எண்ணத்தை மாற்றியது நூலொன்றன்று. நான் செய்த ஒரு தவறு. அதைச் சொல்லாமல் இன்றைய பொருளைப் பேச எனக்கு வழியில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்பர். ஞாயிறு படும் கரை என்பது பொருள். வயலும் குளமும் சிற்றூர்களும் நிறைந்த அப்பகுதியில் ஒரு பாடசாலைக்கு 2014ஆம் ஆண்டின் இறுதியில் அதிபராகச் சென்றேன். அடுத்த தை மாதம் வகுப்புகள் தொடங்கிச் சில நாட்களில், ஆறாந் தரத்துக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை என்னிடம் வந்து, "சேர், இந்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்றார். வகுப்பில் இருந்தவர் முப்பத்து நால்வர்.

நான் நம்பவில்லை. அந்த ஒன்பது பேருடைய கொப்பிகளையும் வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் முத்துக் கோத்தாற்போல இருந்தன. கரும்பலகையில் இருந்ததைக் கொம்பு பிசகாமல், புள்ளி தவறாமல் எழுதியிருந்தார்கள். அவர்களுள் ஒரு சிறுமியை அழைத்து, அவள் எழுதியிருந்த ஒரு வரியையே வாசிக்கச் சொன்னேன். கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னர் நிலத்தைப் பார்த்தாள். தன் கையால் எழுதியதை அவளால் வாசிக்க இயலவில்லை.

அன்று பிற்பகல் ஆசிரியர் கூட்டம். "வாசிப்பு முதலிரண்டு தரங்களிலே கற்பிக்கவேண்டியது. அங்கே செய்யாது விட்டதை இங்கே எவர் செய்வது?" என்று கேட்டேன். அப்பிள்ளைகளுக்கு முதலிரண்டு தரங்களிலும் கற்பித்தவர் ஓர் ஆசிரியையே. அப்பாடசாலையில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவர். ஆகையால் பெயரைச் சொல்லவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அவர் மறுமொழி கூறவில்லை. தம் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை அதனையே பார்த்தவண்ணம் இருந்தார்.

நோய் இன்னதென்று அறியுமுன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். மருந்தையும் அப்போதே முடிவு செய்தேன்: பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் மேலதிக வகுப்பு. அந்த வாரம் எங்கள் பாடசாலைக்கு வந்திருந்த ஆசிரிய ஆலோசகர் ஒருவரிடம் இதனைப் பெருமையுடன் சொன்னேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார்: "வாசிக்க முடியவில்லை என்கிறீர்கள். எதை வாசிக்க முடியவில்லை?" எனக்கு விடை தெரியவில்லை. தமிழாசிரியைக்கும் தெரியவில்லை. அதனை அறிவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவர் சொல்லித் தந்ததுதான் செயல்நிலை ஆய்வு.

இப்பெயரை உலகறியச் செய்தவர் கேர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர். 1890இல் அன்றைய பிரசியாவிற் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய 1933ஆம் ஆண்டில் ஜேர்மனியை விட்டு அமெரிக்கா சென்றவர். அவர் 1946இல் எழுதிய ஒரு கட்டுரையிலே, நூல்களைத் தவிர வேறொன்றையும் விளைவிக்காத ஆராய்ச்சி போதாது. ஒரு செயலைச் செய்து, அதன் பயனைக் கண்டு, அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் ஆராய்ச்சி வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அவர் அதற்கு முன் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு. விலங்கின் இருதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளையும் சமைத்துண்ணுமாறு அரசு கேட்டது. இல்லத்தரசிகளோ அவற்றை அருவருத்தனர். லெவின் சில மகளிர் குழுக்களுக்கு விரிவுரை நிகழ்த்துவித்தார். ஊட்டம் மிக்கது, மலிவானது, நாட்டுக்கு நன்மை தருவது என்றெல்லாம் சொல்லிச் சமையற் குறிப்புகளும் கொடுத்தனர். வேறு சில குழுக்களில் விரிவுரை இல்லை. தடை எங்கே இருக்கிறது என்று அப்பெண்களே தம்முட் பேசி, இறுதியில் தாமே ஒரு முடிவுக்கு வந்தனர். பின்னர் விசாரித்தபோது, விரிவுரை கேட்டவர்களுள் 100க்கு 3 பேரே அவ்வுணவைப் புதிதாகச் சமைத்திருந்தனர். தாமே பேசி முடிவெடுத்தவர்களுள் 100க்கு 32 பேர் சமைத்திருந்தனர். ஆசிரியர் கூட்டங்களில் நெடுநேரம் உபதேசம் செய்யும் என்போன்ற அதிபர்கள் இந்த இரண்டு எண்களையும் மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

லெவின் 1947இற் காலமானார். அவருடைய முறையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர்களுள் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி முதன்மையானவர். 1953இல் அதுபற்றி ஒரு நூல் எழுதினார். பிறர் கண்ட முடிபைப் படித்து ஆசிரியர் தம் வழக்கத்தை மாற்றுவது அரிது, தாமே தேடிக் கண்டால் மாற்றுவர் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்பார் 1975இல் வெளியிட்ட நூலில், ஆசிரியரே ஆய்வாளராக இருத்தல் வேண்டும் என்றார். பின்னர் அவுஸ்திரேலியாவில் ஸ்டீபன் கெமிஸ் முதலியோர் இதனைத் திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீளச் சிந்தித்தல் என நான்கு படிகளாக வகுத்துக் காட்டினர். நம் நாட்டிலும் ஆசிரியர் கல்விப் பாடநெறிகள் பலவற்றில் இது இன்று ஓர் அங்கமாக உள்ளது.

நான்கு படிகள் என்றதும் பெரிய வித்தை என்று எண்ணவேண்டா. படுவான்கரையில் வேளாண்மை செய்பவர் ஒருவரை விடியற்காலையிற் சென்று பாருங்கள். வரம்பில் நின்று எந்தப் பாத்தியில் நீர் தேங்குகிறது, எது காய்கிறது என்று பார்க்கிறார். ஒரு வக்கடையை, அதாவது வரம்பிலே நீர் பாயும் வாயை, மண்வெட்டியாற் சற்றே திறக்கிறார். போய்விடுவதில்லை, நின்று நீர் போகும் போக்கைப் பார்க்கிறார். மிகுதியாகப் போனால் ஒரு பிடி மண் வைக்கிறார். நாளை மீண்டும் வருகிறார். இதனையே வகுப்பறையிற் செய்து, கண்டதை மறவாமல் எழுதியும் வைத்தால் அது செயல்நிலை ஆய்வு. எழுதி வைத்தல் இன்றேல் அது வெறும் அனுபவம். அனுபவம் மதிப்புடையதே. ஆயினும் அது நம் விருப்பு வெறுப்புக்கேற்ப வளைந்து கொடுக்கும். எழுதி வைத்த எண் அவ்வளவு எளிதில் வளையாது.

இனி எங்கள் ஒன்பது பிள்ளைகளிடம் வருவோம். முதலில், ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் கருதும் காரணத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரும்படி கேட்டேன். வறுமை என்றனர் சிலர். பெற்றாரின் கவனக்குறைவு என்றனர் சிலர். தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, சோம்பல், இயல்பாகவே புத்தி மட்டம் என்று பலவாறு எழுதியிருந்தனர். எல்லாவற்றையும் மேசையில் வைத்து நோக்கியபோது இரண்டு விடயங்கள் புலப்பட்டன. எங்களிடம் எவற்றுக்கும் சான்று இல்லை. அன்றியும், அவற்றுள் ஒன்றையேனும் நாங்கள் வகுப்பறையில் நின்று மாற்ற இயலாது. வறுமையை எந்த ஆசிரியர் நீக்குவது? இத்தகைய காரணங்கள் நமக்கு ஆறுதல் தருவன. பிள்ளைக்கு ஒன்றும் தருவதில்லை.

ஆகவே வினாவைச் சுருக்கினோம். ஏன் வாசிக்கிறார்கள் இல்லை என்பதை விடுத்து, வாசிக்கும்போது எந்த இடத்தில் நாத் தடக்குகிறது என்று கேட்டோம். முன்னையதற்கு நூறு பேர் நூறு விடை சொல்வர். பின்னையதற்குக் காதைக் கொடுத்துக் கேட்டால் விடை கிடைக்கும்.

தமிழாசிரியை ஏறத்தாழ நூறு சொற்கள் கொண்ட எளிய பந்தியொன்றை எழுதினார். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்துக் கிணற்றடியில் நின்ற மரத்தின் கீழ் அமர்த்தினார். மற்றப் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கக் கூடாதென்பதே அவ்விடத்தைத் தெரிந்ததன் நோக்கம். பிள்ளை வாசிக்க வாசிக்க, தம் கையிலுள்ள பிரதியில், பிள்ளை எவ்வாறு உச்சரித்ததோ அவ்வாறே எழுதிக்கொண்டார். திருத்தவில்லை, அது மிகக் கடினமான வேலை என்று பின்னர் சொன்னார். ஆசிரியருடைய வாய் பிழையைக் கேட்டவுடன் திருத்தப் பழகிப்போயிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருவர் என ஒன்பது பேருக்கும் இரு வாரங்கள் சென்றன.

அந்த ஒன்பது தாள்களையும் ஒருநாள் மாலை நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டு எண்ணினோம். ஏழு தாள்களில் பிழைகளிற் பாதிக்கு மேற்பட்டவை ஒரே இனத்தவை. கொடி என்பது கெடி ஆகியிருந்தது. தோணி என்பது ஒருவருக்குத் தேணி, மற்றொருவருக்குத் தாணி. கடலோரம் என்ற சொல்லை ஒரு சிறுவன் கடேலாரம் என்று வாசித்திருந்தான். அதனைக் கண்டபோது தமிழாசிரியை எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "சேர், இவன் பிழை விடவில்லை, நாம் எழுதியிருக்கிற ஒழுங்கிலேயே வாசித்திருக்கிறான்" என்றார்.

உண்மைதான். நேயர்கள் ஒரு தாளில் அச்சொல்லை எழுதிப் பாருங்கள். கவுக்கு அடுத்து டவும், அதன்பின் இரட்டைக் கொம்பும், பிறகு லகரமும், அதற்கும் பிறகு அரவும் நிற்கின்றன. கொம்பு கண்ணுக்கு முன்னே வருகிறது. நாவுக்குப் பின்னே வரவேண்டும். ஒகர ஓகாரங்களிலோ மெய்யானது கொம்புக்கும் அரவுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. அறுபது ஆண்டு வாசித்துப் பழகிய நமக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றுவதில்லை. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் வேறுபடுத்தி எழுதும் சீர்திருத்தத்தை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் மேற் சாற்றுவது மரபு. பிறநாட்டிலிருந்து வந்து வளர்ந்த பின் தமிழ் கற்ற ஒருவருக்கு அவ்விடம் கண்ணில் உறுத்தியதில் வியப்பில்லை. தாய்மொழியாளராகிய நமக்கு அது மறந்துபோயிற்று, அப்பிள்ளைகளுக்கு மறக்கவில்லை.

ஆயின், மற்ற இருபத்தைந்து பிள்ளைகளும் அதே எழுத்தைத்தானே கற்றார்கள்? இந்த எழுவருக்கு மட்டும் என்ன நேர்ந்தது? பழைய வரவு இடாப்புகளை அலுமாரியிலிருந்து எடுத்தோம். அவர்கள் 2010இல் முதலாந் தரத்திற் சேர்ந்தவர்கள். 2011ஆம் ஆண்டின் தை மாதத்துப் பக்கத்தைத் திருப்பியபோது விடயம் விளங்கிற்று. அந்த ஆண்டு தை, மாசி மாதங்களிற் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பாதிப்புற்றனர். பாடசாலைகள் பல இடம்பெயர்ந்தோர் தங்குமிடங்களாயின. எங்கள் பாடசாலையும் அவற்றுள் ஒன்று என்று முன்னைய அதிபரின் சம்பவத்திரட்டிற் கண்டேன். ஊர்ப் பிள்ளைகள் விரைவில் திரும்பிவிட்டனர். அந்த எழுவரும் தாழ்ந்த நிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வருபவர்கள். வழியிலிருந்த மதகு உடைந்துபோக, பங்குனி நடுப்பகுதிவரை அவர்களுடைய பெயர்களுக்கு எதிரே வரவு இல்லை.

அச்சிற்றூருக்கு நான் சென்றேன். ஒரு முதிய பெண்மணி சொன்னார்: "அந்த வெள்ளத்தில புள்ளையள்ர கொப்பி புத்தகம் எல்லாம் போயிற்று ஐயா. மறுகாப் பள்ளிக்குப் போகக்குள்ள மத்தப் புள்ளையள் எங்கேயோ போயிட்டாங்க." மற்றப் பிள்ளைகள் பாடத்தில் முன்னே சென்றுவிட்டார்கள் என்பதை அவர் அவ்வாறு சொன்னார். பெற்றாரின் கவனக்குறைவு என்று துண்டுத் தாளில் எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

மறுநாள், நான் கூட்டத்தில் தலைகுனிய வைத்த அந்த ஆசிரியையிடம் சென்று, 2011ஆம் ஆண்டுப் பாடக்குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டிலிருந்து ஒரு துணியிற் சுற்றிக் கொண்டுவந்தார். முந்திய ஆண்டின் மூன்றாந் தவணையிற் கொம்பெழுத்துகளைத் தொடங்கி, தை மாசியில் அவற்றைச் சொற்களில் வைத்துப் பயிற்றியிருக்கிறார். பங்குனி மாதத்துப் பக்கத்தின் ஓரத்தில், விடுபட்ட எழுவருக்கும் மீளக் கற்பிக்கவேண்டும் என்று அவர் கையால் எழுதிய குறிப்பும் இருந்தது. அதே மாதத்திலே மூன்றாந் தரத்து ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்ல, அவ்வகுப்பும் அவர் தலையில் விழுந்தது. அக்குறிப்புக் குறிப்பாகவே நின்றுவிட்டது.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், அதே ஆசிரியர்கள் முன்னிலையில், என் சொற்களை மீளப் பெற்று மன்னிப்புக் கேட்டேன். பலர் முன்னிலையிற் சொன்னதைத் தனியறையில் மீளப் பெறுவது முறையாகாது என்று எனக்குத் தோன்றிற்று. அவர் அன்றும் அதிகம் பேசவில்லை. கூட்டம் முடிந்தபின் வந்து, "மட்டை வெட்டுவதற்கு ஆள் வேண்டுமா, சேர்?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு ஆண்டுகளாக ஒருவரும் இதைக் காணாதது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். அப்பிள்ளைகள் பார்த்தெழுதுவதில் வல்லவர்கள். அழகான கொப்பியைக் கண்டால் ஆசிரியரின் மனம் நிறைந்துவிடுகிறது. வகுப்பு முழுவதும் சேர்ந்து உரத்து வாசிக்கும்போது பக்கத்திலிருப்பவனின் குரலைப் பற்றிக்கொண்டு தாமும் வாயசைத்தனர். ஒரு பாடத்தைப் பலமுறை கேட்டு மனனஞ் செய்து, புத்தகத்தைப் பார்த்தவாறே ஒப்புவித்தவரும் உண்டு. ஐந்தாந் தரத்திலோ எங்கள் கண் முழுவதும் புலமைப் பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தக் கூடியவர்கள் மேலேயே இருந்தது. இதனை நான் வெட்கத்துடனேயே சொல்கிறேன்.

இனி மருந்து. முதலில் நான் முன்னரே முடிவு செய்திருந்த மேலதிக வகுப்பையே நடத்தினோம். ஒன்றரை மணிக்குப் பின் ஒரு மணி நேரம். முதல் நாள் ஒன்பது பேர்; வார இறுதியில் நால்வர்; மறுவாரம் இருவர். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று ஓர் ஆசிரியர் முடிவு கட்டினார். வரவைக் குறித்து வைத்திருந்தபடியால், வராதவர் யார் என்று பார்த்து அவர்களையே கேட்டோம். அச்சிற்றூருக்குச் செல்லும் பஸ் வண்டி ஒன்றே முக்காலுக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்தது மாலையில். வீட்டிலே தம்பி தங்கையர் காத்திருப்பர். "காலையில் நாங்கள் ஏழு மணிக்கே வந்துவிடுவோம், சேர்" என்றாள் அந்தச் சிறுமி. ஆம், காலை பஸ் வண்டி அவர்களை ஏழு மணிக்கே இறக்கிவிடுகிறது. நாள்தோறும் அரைமணி நேரம் அவர்கள் மரத்தடியிற் சும்மா இருந்ததை நான் அலுவலகச் சாளரத்தினூடாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றினோம். நாளுக்கு இருபது நிமிடம் மட்டும். பழைய நாட்காட்டி மட்டைகளை வெட்டி மெய்யெழுத்துக்கு ஒரு நிறமும், கொம்புக்கும் அரவுக்கும் வேறு நிறமுமாக ஆசிரியைமார் இருவரும் சேர்ந்து செய்தனர். முதலில் பிள்ளை ககரத்தை வைத்துச் சொல்லும். பின் கொம்பை இடப்புறம் வைத்து மீண்டும் சொல்லும். பிறகு அரவை வலப்புறம் வைத்துச் சொல்லும். கண்ணுக்கு முன்னே நிற்பதை நாவுக்குப் பின்னே கொண்டுபோகும் பழக்கம் விரலால் வந்தது. நெல், தேன், பெட்டி, கொக்கு, தோணி, பொங்கல் என்று வீட்டிலும் வயலிலும் கேட்கும் சொற்களையே கொடுத்தோம். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருடைய பிழைகளையும் எண்ணி ஒரு கொப்பியில் எழுதினோம். மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கை குறையாமல் நின்றுவிட்டது. பார்த்தால், தனிச் சொற்களை வாசித்தவர்கள் வாக்கியத்துக்குட் புகுந்ததும் பழையபடி தடக்கினர். எனவே சொற்களை விட்டுச் சிறு வாக்கியங்களுக்குச் சென்றோம். இவ்வாறு ஒருமுறை அன்று. மும்முறை வக்கடையைத் திருத்தினோம்.

இரண்டாந் தவணை முடிவில், முந்தியதைப் போன்ற வேறொரு பந்தியைக் கொடுத்து மீண்டும் கிணற்றடியில் வாசிக்கச் செய்தோம். ஆறு பேர் இடறலின்றி வாசித்தனர். இருவர் மெதுவாக, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தனர், பொருள் விளங்கிற்று. ஒருவன் வாசிக்கவில்லை.

அந்த ஒருவனைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளத்தில் நின்ற எழுவருள் அவன் இல்லை. அவனுடைய வரவு ஒழுங்காகவே இருந்தது. அவனுடைய பிழைகளுக்கு ஓர் ஒழுங்கும் இருக்கவில்லை. இன்று வாசித்த எழுத்தை நாளை அறியான். வைத்தியசாலைக்கு அனுப்பிக் கண்ணையும் செவியையும் சோதிப்பித்தோம், குறை காணப்படவில்லை. கொம்பெழுத்து மட்டைகள் அவனுக்குரிய மருந்து அல்ல என்பதை மட்டும் எங்கள் கொப்பி காட்டிற்று. அவனுக்கென்று வேறொரு வினாவைத் தொடங்கவேண்டும் என்று மூன்றாந் தவணைக்குத் திட்டமிட்டோம். அதற்குள் செங்கல் அறுக்கும் வேலைக்காகத் தந்தை வேறு மாவட்டம் செல்ல, குடும்பமும் சென்றுவிட்டது. விடுகைப் பத்திரத்தில் நானே கையொப்பமிட்டேன். சென்ற பாடசாலையின் அதிபருக்கு நாங்கள் கண்டவற்றை எழுதிக் கடிதமொன்றும் கொடுத்தனுப்பினேன், மறுமொழி வரவில்லை.

அதனால்தான் இக்காலத்துச் செயல்நிலை ஆய்வு அறிக்கைகள் சிலவற்றைக் காணும்போது எனக்கு ஐயம் எழுகிறது. பாடநெறிக்காகவும் பதவியுயர்வுக்காகவும் எழுதப்பட்டு, அழகிய மட்டையிட்டுக் கட்டப்பட்ட அவ்வறிக்கைகளில் எல்லாப் பிள்ளைகளும் முன்னேறிவிடுகின்றனர். முதல் முயற்சி தோற்றது என்று எழுதியிருப்பதைக் காண்பது அரிது. தோற்ற முயற்சியை மறைத்துவிட்டால், எதனால் தோற்றது என்பதை அடுத்த ஆசிரியர் எவ்வாறு அறிவார்? எங்கள் மாலை வகுப்புத் தோற்றிராவிடின் அந்தக் காலை அரைமணியை நாங்கள் கண்டிருக்கமாட்டோம்.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு வகுப்பிற் கண்டது மற்றொரு வகுப்புக்குச் சட்டமாகாது. எங்கள் மட்டைகளை இரவல் வாங்கிச் சென்ற பாடசாலையொன்றில், பிள்ளைகளின் சிக்கல் கொம்பெழுத்தில் இல்லை, ரகர றகரங்களிலும் லகர ளகர ழகரங்களிலும் இருந்தது. மட்டைகள் அங்கே பயன்படவில்லை. தாளில் எழுதிப் பிழைகளை எண்ணிய முறைமட்டும் பயன்பட்டது. அன்றியும், பல்கலைக்கழக ஆய்வாளர் செய்வதுபோல வகுப்பை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மருந்து கொடுத்து மறு கூறை ஒப்பிடுவதற்கென வெறுமனே விட்டுவைக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. அவர்களும் நம் பிள்ளைகளே. ஒவ்வொரு பிள்ளையையும் அதன் நேற்றைய நிலையுடன் ஒப்பிட்டால் நமது தேவைக்குப் போதும்.

நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. நாங்கள் செலவிட்டது காலையில் இருபது நிமிடமும், வாரத்தில் ஒரு மாலையும். அந்த மாலையை உண்டாக்குவதற்கு நான் ஆசிரியைமார் இருவரையும் வேறு இரு கடமைகளிலிருந்து விடுவித்தேன். அதிபர் அவ்வாறு செய்யாமல் ஆய்வு செய், ஆய்வு செய் என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடவாது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. படுவான்கரையின் ஏழு பிள்ளைகளுக்கு நேர்ந்தது, அவ்வாண்டுகளில் முதலாந் தரத்திலும் இரண்டாந் தரத்திலும் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஓரளவில் நேர்ந்தது. அவர்கள் இப்போது மேல் வகுப்புகளில் இருக்கின்றனர். உங்கள் வகுப்பிலும் அழகாகப் பார்த்தெழுதி, வாசிக்கச் சொன்னால் நிலத்தைப் பார்க்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை எந்த மாதங்களில் வகுப்பில் இருக்கவில்லை, அம்மாதங்களில் என்ன கற்பிக்கப்பட்டது என்று ஒருமுறை பாருங்கள். பெற்றாரும் இதனை ஆசிரியருக்குச் சொல்லலாம். எங்களுக்கு இடாப்பு உறுதிப்படுத்தியதன் பொருளை விளக்கியவர் அந்த முதிய பெண்மணியே.

நான் அப்பாடசாலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பதிவுகள் எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் அடங்கின. அக்கொப்பி அங்கேயே இருக்கிறது. வெள்ளத்துக்குப் பின் பாடசாலை திறக்கும் ஒவ்வொரு தை மாதத்திலும், இரண்டாந் தரத்தில் எவர் எத்தனை நாள் வரவில்லை என்று முதல் வாரத்திலேயே அதிற் குறித்துவைத்து, அவர்களுக்கு மட்டும் கொம்பெழுத்துகளை மீளப் பயிற்றுகிறார்கள் என்று தமிழாசிரியை அண்மையில் தெரிவித்தார். அதனைத் தொடக்கிவைத்தவர், ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில், கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆசிரியை.